நான்காம் மாடியில் ஒரு மடக்கு நாற்காலி

டாக்டர் விட்கோமுக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. ஒன்று டிப்பிள். இன்னொன்று டாக்டர் விட்கோம்.

டிப்பிள் என்பது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினித் துறை பதினொரு வருடமாகக் கட்டிக்காத்து வந்த மென்பொருள். பதினெட்டு சர்வர்களில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை, வளாகத்திலுள்ள அறுநூறு யூனிக்ஸ் இயங்குதளக் கணினிகளில் எதைத் திறந்தாலும் அதற்குள்ளேயே இருப்பதுபோலக் காட்டும். மாணவன் நூலகத்தில் பாதிக் கட்டுரை எழுதிவிட்டு விடுதியில் மீதியை எழுதலாம். நல்ல சாமான்தான், குறை சொல்ல முடியாது. அந்தப் பதினொரு வருடமும் அதன் மூலநிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்குக் கம்பைல் செய்து, ஒவ்வொரு ரக யூனிக்ஸுக்கும் தக்கபடி தட்டிக் கொட்டி, கணினியின் உட்கருவான கெர்னலுக்குள் ஏற்றி ஓடவைத்தவள் லொரேன் ஸபோ. விட்கோம் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து இயக்குநராக வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் வெளியூர்க் கருத்தரங்குகளில் 'நாங்கள் டிப்பிளைக் கட்டியபோது' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

அவர் வந்ததும் செய்த முதல் வேலை ஒரு சுற்றறிக்கை. 'எவரும் எதையும் தன் சொந்த டிஸ்க்கில் வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லாம் டிப்பிளில்.' எல்லாம் என்றால் எல்லாமும். கம்பைலர் டிப்பிளுக்குள் போனது. கையேடுகள் போயின. ஊழியர்களின் தொலைபேசி எண்கள், பேக்கப் டேப்பைப் படிக்கும் நிரல், கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல், அத்தனையும் போயின. கடைசியில் டிப்பிளின் மூலநிரலும் அதை நிறுவும் முறையும்கூட டிப்பிளுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தன. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது இப்படித்தான் என்று லொரேன் ஒரு கூட்டத்தில் சொல்லிப் பார்த்தாள். விட்கோம் சிரித்துக்கொண்டே, டிப்பிள் விழவே விழாது என்றார். அன்றைய கூட்டக் குறிப்பில் அவள் பேச்சு 'பொதுவான கருத்து' என்று பதிவானது.

லொரேன் சும்மா இருக்கிற ரகம் இல்லை. நான்காம் மாடியில், ஜன்னலோரம் இருந்த அவளது மேசைக்கு அடியில் ஒரு பழைய வொர்க்ஸ்டேஷன் கிடந்தது. அதன் தலையில் காபி மெஷின். பார்க்கிறவர்கள் அதைக் காபி மெஷினுக்கு முட்டுக்கொடுத்த பெட்டி என்று நினைப்பார்கள். அதன் டிஸ்க்கில் டிப்பிளின் மூலநிரல், கம்பைலர், அவள் கைப்பட எழுதிய நிறுவும் குறிப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. விட்கோமின் ஆய்வுப் படை இரண்டு தடவை அதைக் கண்டுபிடித்து இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டது. இரண்டு தடவையும் அவள் அழித்தாள். அடுத்த வாரமே மறுபடி ஏற்றினாள்.

மூன்றாவது கடிதம் வந்தால் அடித்தளத்துக் கவுன்ட்டர்தான். கடவுச்சொல்லை மறந்த மாணவர்கள் அந்த ஊர் இறைச்சிக்கடைகளில் எடுப்பதுபோல நம்பர் சீட்டு எடுத்துக்கொண்டு காத்திருக்கும் இடம். அங்கே உட்கார்ந்து அடையாள அட்டை பார்த்துப் புதுக் கடவுச்சொல் தர வேண்டும், நாள் முழுக்க, வருடம் முழுக்க. லொரேனுக்கு ஐம்பத்தொரு வயது. அந்த ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து ஒரு முரட்டுக் கணினியில் டிப்பிளை ஏற்றி, அது முதல் கோப்பைத் திறந்து காட்டும் நொடிக்காகத்தான் அவள் காலையில் பஸ் ஏறினாள். அந்த இடம் போனால் தன்னிடம் என்ன மிச்சம் என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரி மாதம், தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை. டிப்பிளின் புதுப் பதிப்பை அறுநூறு கணினிகளிலும் ஒரே கட்டளையில் நிறுவிக் காட்டப்போவதாக விட்கோம் டீன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கட்டளையை எழுதியவர் ராய் டிமார்க்கோ. நல்ல மனிதர், சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார். லொரேன் முந்தின நாளே அவர் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள். நான்காவது படி, பழைய டிப்பிளை நிறுத்து. ஐந்தாவது படி, புதியதை டிப்பிளிலிருந்து எடுத்து ஏற்று.

"ராய், நாலுல அதை நிறுத்திட்டா அஞ்சுல எங்கேர்ந்து எடுப்பே?"

ராய் தலையைச் சொறிந்தார். "அதைக் கேட்டேன். டாக்டர், நகல் ஒண்ணு கணினியோட கேஷ் நினைவகத்துல இருக்கும்னுட்டார்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டியும் இருக்கும்னுட்டார்."

வெள்ளியன்று சரியாகப் பன்னிரண்டு மணிக்கு விட்கோம் கட்டளையைத் தட்டினார். அறுநூறு கணினிகளும் நான்காவது படியை அப்பழுக்கில்லாமல் செய்து முடித்தன. ஐந்தாவதை ஒன்றுகூடச் செய்யவில்லை. டிப்பிள் இல்லை. டிப்பிளுக்குள் இருந்த புது டிப்பிளும் இல்லை. கம்பைலரைத் தேடினார்கள், அது டிப்பிளில் இருந்தது. கையேட்டைத் தேடினார்கள், அதுவும் அங்கேதான். டேப்பை மாட்டினால் படிக்கும் நிரல் கிடைக்கவில்லை. மென்பொருள் தெரிந்த முன்னாள் ஊழியர் ஒருவருக்குப் போன் செய்யலாம் என்றால் நம்பர் எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. டீன் அம்மா காலித் திரையை ஐந்து நிமிடம் மரியாதையாகப் பார்த்துவிட்டு, இது எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார்.

லொரேன் அப்போது, தவக்கால வெள்ளிகளில் மாதா கோயிலில் விற்கும் மீன் சாண்ட்விச்சைப் பாதி கடித்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு மீதியைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது. விட்கோம் தன் வினையை அறுக்கட்டும் என்று ஒரு நிமிடம் நினைக்கத்தான் செய்தாள், அந்த ஒரு நிமிடம் இனிப்பாகவும் இருந்தது. ஆனால் விழுந்து கிடந்தது அவர் இல்லையே, டிப்பிள். பதினொரு வருடம் வளர்த்தது கண்ணெதிரே கிடக்கிறபோது அவளால் மெல்ல முடியவில்லை. சாண்ட்விச்சை வைத்துவிட்டு, குனிந்து, காபி மெஷினைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

கம்பைல் ஆக நாற்பது நிமிடம் ஆனது. மூன்று மணிக்கு ஒவ்வொரு கணினியாக உயிர் வந்தது. விட்கோம் டீன் அம்மாவிடம், எதிர்பாராத நிலைமைக்கு நாங்கள் எப்போதும் தயார் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மூன்றாவது கடிதம் வந்தது. முதல் பத்தியில் அவள் உதவிக்கு நன்றி. இரண்டாவது பத்தியில், அந்த உதவி சாத்தியமானதே விதியை மீறியதால்தான் என்பதால், நாளை முதல் கவுன்ட்டர். பழைய வொர்க்ஸ்டேஷனைக் கழிவில் போட உத்தரவு. இனி பல்கலைக்கழகத்தின் எந்தக் கணினியிலும் நகல் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும், மீறினால் வேலையே போகும்.

கையெழுத்துப் போட்டாள். மேசையையும் பெட்டியையும் கட்டடப் பராமரிப்பு பார்க்கும் ஸ்டஷ் வந்து தள்ளிக்கொண்டு போனார். ஸ்டஷ் அவளுடன் ஒரே தெருவில், பிட்ஸ்பர்க்கின் போலிஷ் ஹில் பகுதியில் வளர்ந்தவர். லிஃப்ட் வந்ததும் அவள் காபி மெஷினைப் பெட்டியின் தலையில் வைத்து அனுப்பினாள்.

மறுநாள் காலை லொரேன் வீட்டிலிருந்து ஒரு மடக்கு நாற்காலி கொண்டு வந்தாள். அலுமினியச் சட்டம், கறுப்பும் மஞ்சளும் கலந்த நைலான் பட்டை, ஒரு பட்டை அறுந்து தொங்கியது. நான்காம் மாடியில் ஜன்னலோரம், தன் மேசை இருந்த வெற்றிடத்தின் நட்ட நடுவில் அதை விரித்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

பிட்ஸ்பர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பனி கொட்டிய காலையில் முதுகு ஒடிய வழித்து, கார் நிறுத்த ஓர் இடம் செய்தவன், காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும்போது அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஆனால் கொலை வழக்கில் உள்ளே போய் வந்தவன்கூட அந்த நாற்காலியைத் தொடமாட்டான்.

விட்கோம் மூன்று குளிர்காலமும் மூடிய கார் நிறுத்தத்தில் வண்டி விட்டவர். அவருக்கு அது வெறும் நாற்காலி. அந்த இடத்தில் பெரிய வரைபட அச்சு இயந்திரம் ஒன்றை வைக்க நினைத்து ஸ்டஷைக் கூப்பிட்டார்.

"இதை அப்புறப்படுத்துங்க."

ஸ்டஷ் நாற்காலியைப் பார்த்தார். "அது ஒருத்தரோட நாற்காலிங்க."

"யாரோடது?"

"அது தெரியாதுங்க. ஆனா இருக்கே."

இயந்திரத்தைக் கொண்டு வந்த இரண்டு பேர் கதவு வரை தள்ளிக்கொண்டு வந்து, நாற்காலியைப் பார்த்ததும் நின்று, இடம் காலியில்லை என்று ரசீதில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். விட்கோம் ராயிடம் சொன்னார். ராய்க்கு அன்று முதுகு வலி. துறையில் எல்லோருக்கும் ஒரே நாளில் முதுகு வலி. கடைசியில் விட்கோமே அதைத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்தார். அந்த வாரம் கார் நிறுத்தத்தில் ஏதோ பழுதுவேலை என்று அவர் வண்டியைத் தெருவில்தான் விட்டிருந்தார். காலையில் போய்ப் பார்த்தால் கார் முழுக்க விரல் கனத்துக்குப் பனிக்கட்டி. யாரோ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். கதவைத் திறக்க மத்தியானம் ஆனது. நடந்தது என்ன என்று விட்கோம் கேட்டபோது, நாற்காலியை நகர்த்தினீர்களா என்று தெருக்காவலர் ஒருவர் மட்டும் விசாரித்தார். அன்று மாலையே நாற்காலி பழைய இடத்துக்கு வந்துவிட்டது, தூக்கி வந்தவர் விட்கோம்தான்.

கவுன்ட்டரில் லொரேன் கடவுச்சொற்கள் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடையாள அட்டை இரண்டு, படிவம் ஒன்று, அடுத்த நம்பர். மனம் கசந்துதான் கிடந்தது. ஆனால் சட்டம் பேசுவதில் அவளுக்கு ஒரு ருசியும் தட்டிவிட்டது. 'கவுன்ட்டர் ஒரு நிமிடமும் ஆளில்லாமல் இருக்கக் கூடாது' என்று விட்கோம் கையெழுத்திட்ட தாளைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தாள். வெளியே காபி குடிக்கப் போகாமல், பக்கத்திலிருந்த ஸ்டஷின் அறையிலிருந்து எடுத்து வரச்சொல்வாள்.

இதற்குள் விட்கோம் ஒரு பெரிய தத்துவத்தைக் கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொரு கணினியிலும் நிறுவும் நிரலின் நகல் ஒன்று உள்ளூரிலேயே இருக்க வேண்டுமாம். அதற்கு 'விட்கோம் மீட்பு முறை' என்று பெயரிட்டு, சான் டியேகோ கருத்தரங்கில் நாற்பது நிமிடம் பேசிக் கைதட்டல் வாங்கினார். செய்யச் சொல்லி ராயிடம் உத்தரவு போனது. ராயின் மேசையில் இப்போது இரண்டு உத்தரவு. எல்லாக் கணினியிலும் நகல் வை. எந்தக் கணினியிலும் எதையும் வைக்காதே. இரண்டாவதை யாரும் ரத்து செய்யவில்லை. ராய் இரண்டு நாள் யோசித்து இரண்டையும் நிறைவேற்றினார். ஒவ்வொரு கணினியிலும் நகலுக்குப் பதிலாக ஒரு சுட்டியை வைத்தார். அது, சர்க்கரை டப்பாவுக்குள் 'சர்க்கரை பக்கத்து வீட்டில் இருக்கிறது' என்று எழுதிய துண்டுச் சீட்டு மாதிரி. திறந்து பார்த்தால் எல்லாம் இருப்பதாகவே தெரியும். இருப்பது என்னவோ டிப்பிளில். விட்கோம் அறுநூறையும் திறந்து பார்த்து, அறுநூறிலும் இருக்கிறது என்று டீன் அம்மாவுக்கு எழுதினார்.

செப்டம்பரில் கல்லூரி திறந்த முதல் வாரம். நன்கொடையாளர்கள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். விட்கோம் இந்தத் தடவை ஒரு படி மேலே போய், வேண்டுமென்றே டிப்பிளை விழவைத்து, தன் முறையால் எழுப்பிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். பாதியைக் கச்சிதமாகச் செய்து முடித்தார். டிப்பிள் விழுந்தது. அறுநூறு துண்டுச் சீட்டும் பக்கத்து வீட்டைக் கைகாட்டின.

பத்து நிமிடத்தில் அடித்தளத்தில் மாணவர் கூட்டம் நிரம்பி வழிந்தது. கால் மணி நேரத்தில் விட்கோமே இறங்கி வந்தார், கழுத்துப்பட்டை ஒரு பக்கம் இழுத்திருந்தது. வரிசையை விலக்கிக்கொண்டு நேரே கவுன்ட்டருக்கு வந்து குனிந்தார்.

லொரேன் நிமிரவில்லை. "நம்பர் எடுத்தீங்களா?"

"லொரேன், நான்..."

"அங்க, கதவுகிட்ட இருக்கு."

எடுத்தார். தொண்ணூற்றொன்று. அப்போது நடந்துகொண்டிருந்தது எழுபத்தாறு. இரண்டு மாணவர்களுக்கு நடுவே பிளாஸ்டிக் இருக்கையில் உட்கார்ந்தார். ஒருவன் ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான், நீங்களும் பாஸ்வேர்டை மறந்துட்டீங்களா என்று அனுதாபமாக விசாரித்தான். சுவரிலிருந்த தொலைபேசி இரண்டு தடவை அடித்தது. லொரேன் எடுத்து, டீன் அம்மா கேட்பதாக விட்கோமிடம் சொன்னாள். அவர் வரிசையில் இருப்பதாக டீன் அம்மாவிடமும் சொன்னாள்.

தொண்ணூற்றொன்று வந்தது.

"உன்கிட்ட நகல் இருக்கா?" என்றார் விட்கோம். குரல் இறங்கிப் போயிருந்தது.

"எங்கிட்ட இல்லை. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேனே. பல்கலைக்கழகத்தோட எந்தக் கணினியிலயும் இல்லை."

"கிண்டல் பண்ணாதே, லொரேன். மேல எட்டுப் பேர் உட்கார்ந்திருக்காங்க."

"கிண்டல் இல்லை. ஸ்டஷ்கிட்ட ஒரு காபி மெஷின் இருக்கு. அது எதுமேல நிக்குதுன்னு போய்ப் பாருங்க."

கழிவில் போடச் சொன்ன வொர்க்ஸ்டேஷனை ஸ்டஷ் கழிவில்தான் போட்டார். பிறகு முறைப்படி கழிவிலிருந்து எடுத்துக்கொண்டார். அதற்கான தாளில் 'பல்கலைக்கழகத்துக்கு உரிமையில்லை' என்று இருந்தது, கீழே விட்கோமின் கையெழுத்து. யாரும் டிஸ்க்கைத் துடைக்கச் சொல்லவில்லை. இப்போது ஸ்டஷ் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் அறை வாசலில் நின்றார்.

"என்னுதுதான். தரேன். ஆனா லொரேன் வந்தாத்தான் தருவேன். எனக்கு இதுல காபி போடத்தான் தெரியும்."

விட்கோம் அவளைப் பார்த்தார். லொரேன் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை விரலால் தட்டினாள். கவுன்ட்டர் ஒரு நிமிடமும் ஆளில்லாமல் இருக்கக் கூடாது.

"நான் மேல போறேன்" என்றாள் அவள். "உங்களுக்காக இல்லை, இந்தப் பசங்கல்லாம் பாடம் எழுதணும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். என் இடம் எனக்கு வேணும். கடன் வாங்கிட்டுப் போற மாதிரி வந்துட்டுப் போகமாட்டேன்."

விட்கோம் எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமலே தலையாட்டினார். அவள் எழுந்தாள். அவர் சுற்றிவந்து அவள் இருக்கையில் உட்கார்ந்தார். தொண்ணூற்றிரண்டாம் நம்பர் பெண் படிவத்தை நீட்டினாள், அவர் அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் மாடியில் நன்கொடையாளர்கள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். லொரேன் யாரையும் பார்க்காமல் ஜன்னலோரம் போனாள். ஆறு மாதமாகத் தனக்காகக் காத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து, வொர்க்ஸ்டேஷனைத் தரையில் வைத்து, விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். அறுந்த பட்டை முதுகில் குத்தியது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, வெளிப்படையாகவே சிரித்தாள். நாற்பது நிமிடம் வரிகள் ஓடின. பழைய பதிப்புதான், ஆனால் ஏறியது, நின்றது, முதல் கோப்பைத் திறந்து காட்டியது.

யார் இந்த அம்மா, ஏன் மேசையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று டீன் அம்மா ராயைக் கேட்டார். அது லொரேனோட இடம் என்று ராய் சொன்னார். கேட்டதற்கு மட்டும்தானே பதில் சொல்வார்.

"அப்ப மேசையைக் கொண்டு வந்து போடுங்களேன்" என்றார் டீன் அம்மா.

ஸ்டஷ் மேசையையும் சுழல் நாற்காலியையும் லிஃப்டில் ஏற்றி வந்து பழைய இடத்தில் போட்டார். லொரேன் மடக்கு நாற்காலியை மடித்து அவர் கையில் கொடுத்து, இனி இது தனக்கு வேண்டாம் என்றாள்.

ஐந்து மணிக்கு விட்கோம் நூற்று அறுபத்தெட்டாம் நம்பருக்குக் கடவுச்சொல் கொடுத்து முடித்து, விரலைச் சொடுக்கெடுத்துக்கொண்டு எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பியபோது, அவர் எழுந்த இருக்கை ஓரமாகத் தள்ளப்பட்டு, அந்த இடத்தில் கறுப்பு மஞ்சள் பட்டை போட்ட மடக்கு நாற்காலி ஒன்று விரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஸ்டஷ் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது யாரோடது?" என்றார் விட்கோம். கை மட்டும் அதைத் தொடவில்லை.

"இந்தத் தடவை தெரியுங்க" என்றார் ஸ்டஷ். "உங்களோடது."